நான் தேநீர் கொடுக்கவில்லை

டப்ளின், ஆற்றங்கரைச் சாலை
8 ஜூலை 1922

அன்புள்ள ஜோஹானா,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுக்கவில்லை. இந்தச் சாலை முழுவதும் அப்படித்தான் பேசுகிறார்கள். கார்க் போகும் கப்பலில் இங்கிருந்து பலர் வருவதால், அந்தப் பேச்சு உன் காதுக்கும் வந்து சேரும். கெட்டிலை அவர்களே எடுத்தார்கள். தேயிலையை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். என் நல்ல கோப்பைகளில் இரண்டை அவர்களே உடைத்தார்கள். நான் கொடுத்தது மாடி அறைச் சாவி ஒன்றுதான். கொடுக்காமல் இருந்திருந்தால், உன் அண்ணன் உயிரோடிருந்தபோது ஆசையாகச் செய்வித்த கதவைத் துப்பாக்கிக் கட்டையால் பிளந்திருப்பார்கள்.

நீயும் டெனிஸும் நலமா? அவருடைய இருமல் எப்படி இருக்கிறது? கடவுள் அருளால் எனக்கு இடது காது தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. பீரங்கி என் வாசலிலிருந்து எழுபது அடி தூரத்தில் நின்றது.

செய்தித்தாளில் நீ படித்திருப்பாய். ஏப்ரல் முதல் உன் மகன் ஃபின்பாரும் அவன் தோழர்களும் ஆற்றுக்கு அக்கரையில் நீதிமன்ற மாளிகையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்தோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் ஒரு பக்கம். என் வீட்டுக்குள் வந்த சிப்பாய்கள் ஏற்ற அரசின் ஆட்கள், ஃபின்பார் ஏற்காத பக்கம். போன வருடம் வரை ஒரே தட்டில் சாப்பிட்ட பையன்கள். புதன் விடியற்காலை முதல் குண்டு போனது. வெள்ளி மதியம் அந்த மாளிகையின் ஆவணக் கூடம் வெடித்தது. நூற்றாண்டுகளின் காகிதம் நகரம் முழுக்கப் பறந்தது. என் கொல்லையில் கரிந்த தாள் ஒன்று விழுந்தது. யாரோ ஒருவரின் உயில். பெயர் இருந்த இடம் மட்டும் எரிந்துபோயிருந்தது.

அன்று மாலை சரணடைந்தார்கள். ஃபின்பாரை வரிசையில் கண்டேன். முகமெல்லாம் கரி. ஆனால் சட்டை நான் தைத்த சட்டை. பத்து வாரமாகச் சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணியைப் பாலம் தாண்டி அனுப்புவான். மற்றப் பையன்களின் துணியோடு கலந்துவிடாமல் அடையாளமிட்டு, கஞ்சி போட்டு, திங்களன்று நான் திருப்பி அனுப்புவேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அவன் உயிரோடு இருக்கிறான், நடக்கிறான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் இருவரையும் ஜெபமாலையில் நினைக்கும்,
ஹொனோரா கோகன்


மக்ரூம் அருகே, கார்க்
29 ஜூலை 1922

அன்புள்ள அண்ணிக்கு,

ஜோஹானா எழுதுவது. உங்கள் கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது. ரயில் பாலங்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் காது குணமாக வேண்டும் என்று பூசையில் வேண்டிக்கொண்டேன். டெனிஸ் இருமிக்கொண்டேதான் வைக்கோல் அறுக்கிறார்.

அண்ணி, கேட்காமல் இருக்க முடியவில்லை. கிரௌலி வீட்டு டைக் ஞாபகம் இருக்கிறதா? அவனும் உள்ளே இருந்தவன். இனி ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விடுதலையாகி வந்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சரணடைஞ்சப்ப ஃபின்பார் தன் பேரை ஜான் வெல்ஷ்னு குடுத்தான், அத்தே. மூணு நாள் ஜான் வெல்ஷாத்தான் இருந்தான். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா எங்கூடவே வீட்டுக்கு வந்திருப்பான். நாலாம் நாள் அதிகாரி வந்து, ‘எழுந்திருடா ஹெகார்ட்டி’ன்னான்.”

வெறும் ஜான் வெல்ஷை யாரும் தேடவில்லை. ஃபின்பார் ஹெகார்ட்டியைத் தேடுகிறார்கள். மே மாதம் ஆயுதக் கிடங்கில் காவலாள் ஒருவன் செத்தான். சுட்டது என் மகன் இல்லை. ஆனால் அவன் அங்கே இருந்தான். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

யாரோ ஒருவர் அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சிப்பாய்கள் மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் யாரிடம் பேசினார்கள்? வரிசையில் போனபோது நீங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்களா?

உங்கள் நாத்தனார்,
ஜோஹானா


டப்ளின்
9 ஆகஸ்ட் 1922

ஜோஹானாவுக்கு,

நான் தெருவில் நின்று யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கன்னியர் மடத்தில் ஒன்பது வருடம் படித்தவளுக்கு அந்தப் பழக்கம் வராது. என் அறுபத்தொன்பது வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத நேர்ந்ததை மறக்கமாட்டேன்.

உன் கடிதத்தின் உறையை யாரோ ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசை கோணலாக இருக்கிறது. இது உன் ஊரில் நடந்ததா, என் ஊரில் நடந்ததா? பெயரைப் பற்றிக் கேட்கிறாயே, ‘ஃபின்பார் ஹெகார்ட்டி, நீதிமன்ற மாளிகை’ என்று உறையின் மேல் கொட்டை எழுத்தில் வாரம் ஒரு கடிதம் போட்டது யார்?

இருந்தாலும் நீ கேட்டது என் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. பின்னறையில் டெம்பிள் குடியிருக்கிறார். பியானோ சுருதி சேர்ப்பவர், நம்மைப்போல் கத்தோலிக்கர் அல்ல, நான்கு வருடமாக ஒழுங்காக வாடகை தருகிறவர். காதால் பிழைக்கும் மனிதர். ஃபின்பாரின் துணி மூட்டை வரும்போதெல்லாம் அவர் கூடத்தில் நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது. சிப்பாய்கள் இருந்தபோது அவர்களுக்காகப் பியானோ வாசித்தார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று மேசையில் கேட்டேன்.

“அந்தப் பசங்கள்ட்ட நீங்க என்ன பேசினீங்க, மிஸ்டர் டெம்பிள்?”

“பாட்டுக் கேட்டாங்க, வாசிச்சேன். துப்பாக்கி வச்சிருக்கறவன் பாட்டுக் கேட்டா எந்தப் பாட்டுன்னுதாம்மா கேக்கணும், ஏன்னு கேக்கக் கூடாது.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

டெனிஸுக்குத் தேன் கலந்த பால் கொடு.

ஹொனோரா கோகன்


டப்ளின்
30 ஆகஸ்ட் 1922

அன்புள்ள ஜோஹானா,

மூன்று வாரமாகியும் பதில் இல்லை. தபால்காரர் மீது பழி போடலாம். ஆனால் கார்க்கிலிருந்து மற்றவர்களுக்குக் கடிதம் வருகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீ எழுதாததற்கு என் வீட்டில் டெம்பிள் இருந்ததுதான் காரணம் என்றால், இனி அந்தக் காரணம் இல்லை. அவரை அனுப்பிவிட்டேன். காலை உணவு முடிந்ததும் சொன்னேன். ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“நான் காதால சம்பாதிக்கிறவன்தாம்மா. ஆனா கேட்டதை வித்ததில்ல.”

“நீங்க வித்தீங்கன்னு நான் சொல்லலையே.”

“சொல்லல. பெட்டியை வாசல்ல கொண்டாந்து வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் சொல்ல வேற வேணுமா?”

மதியத்துக்குள் போய்விட்டார். சுருதி சேர்க்கும் சாவியை மட்டும் பியானோ மேல் மறந்துவிட்டார். அல்லது வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனார். நான் திருப்பி அனுப்பவில்லை.

எதிரில் மீன் விற்கும் கெரிகன் கிழவி கேட்கிறாள். “என்னம்மா, டீ குடிக்க வந்தவங்களும் போயாச்சு, பாட்டு வாசிக்கறவரும் போயாச்சா? அடுத்தது யாரு, பூனையா?”

சிறையில் பார்க்க விடுவதில்லை. பொட்டலம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். ஃபின்பாருக்குப் புதிதாக ஆறு சட்டை தைத்து, வழக்கம்போல் பின்பக்கக் கீழ்நுனியில் சிவப்பு நூலில் முழுப் பெயரும் போட்டு அனுப்பினேன். மடத்தில் மதர் அலாய்ஷியஸ் கற்றுக்கொடுத்தது. பெயரில்லாத துணி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. குறுக்குத் தையல், எழுத்துக்கு ஏழு இழை, வண்ணாத்தி எவ்வளவு அடித்தாலும் போகாது. அந்தக் கூட்டத்தில் அவன் சட்டை அவனுக்கே வந்து சேர வேண்டும் அல்லவா?

பதில் எழுது.

உன் அண்ணி,
ஹொனோரா


மக்ரூம் அருகே
8 செப்டம்பர் 1922

அண்ணிக்கு,

நலம். நலம்தானே?

ஒரு மனிதரை வெளியே அனுப்பினீர்கள், சரி. ஆனால் சிப்பாய்களிடம் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று இன்னும் ஒரு வரி எழுதவில்லை. தேநீரைப் பற்றித்தான் எழுதினீர்கள். நான் தேநீரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

டைக்கை மறுபடி உட்கார வைத்துக் கேட்டேன். ஃபின்பார், “யார் சொன்னது?” என்று கேட்டானாம். அதிகாரி சிரித்துக்கொண்டே, “உன் வீட்டு ஆளே சொல்லிட்டாங்கடா” என்றானாம்.

எங்கள் வீட்டு ஆள் டப்ளினில் நீங்கள் ஒருவர்தான், அண்ணி.

வெண்ணெய் அனுப்பவில்லை. வழியில் எல்லாரும் எல்லாவற்றையும் திறக்கிறார்கள்.

ஜோஹானா


சிறை, டப்ளின்
2 அக்டோபர் 1922
(தணிக்கை செய்யப்பட்டது)

அன்புள்ள அத்தைக்கு,

ஒரே ஒரு தாள்தான் தருகிறார்கள், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். வெடியில் தோளில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. முதல் வாரமே மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி மருந்து போட்டார். நல்ல மனிதர். அந்தப் பழைய சட்டை இத்துடன் வருகிறது. ஒட்டுப் போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு புதுச் சட்டையும் வந்தன. இங்கே என்னைத்தான் பெரிய மனிதனாக நினைக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் பெயர் தைக்க வேண்டாம். கண்ணுக்குச் சிரமம். இங்கே என்னை எல்லாருக்கும் தெரியும்.

அன்று தெருவில் உங்களைப் பார்த்தும் பார்க்காதது போல் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஃபின்பார்


டப்ளின்
12 அக்டோபர் 1922

அன்புள்ள ஜோஹானா,

தபால்காரர்களின் வேலைநிறுத்தத்தால் உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. ஃபின்பாரிடமிருந்து ஒரு தாள் வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறானாம். தோள் ஆறிவிட்டதாம்.

ஒரு பழைய சட்டையும் வந்தது. தோளில் எரிந்த ஓட்டை. பின்நுனியில் ஒரு சதுரம் இல்லை. கிழிந்தது அல்ல. கத்தரிக்கோலால் நேராக, நான்கு பக்கமும் சமமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். யார் வெட்டினாரோ, அவர் கை நல்ல கை.

எனக்குச் சற்று ஜலதோஷம். வேறு விசேஷம் இல்லை. டெனிஸ் எப்படி இருக்கிறார்?

ஹொனோரா


மக்ரூம் அருகே
28 அக்டோபர் 1922

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். சண்டை இல்லை, திருத்தம் இல்லை, பசை கோணல் என்றுகூட இல்லை. இருபத்தாறு வருடமாக உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் இப்படி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டையைப் பற்றி எதற்கு இவ்வளவு எழுதினீர்கள்?

இராணுவ நீதிமன்றம் வந்துவிட்டது. ஆயுதத்தோடு சம்பந்தப்பட்டவர்களைச் சுடலாம் என்று சட்டம். ஃபின்பார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஃபின்பாரின் இயக்கத்தைச் சேர்ந்த மலைப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். சாப்பாடு போட்டேன். பெரியவன் கேட்டான்.

“காட்டிக்கொடுத்தது யாருன்னு தெரியுமா அத்தே?”

“எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“சந்தேகம் இருக்குமில்ல. பேரை மட்டும் சொல்லுங்க. டப்ளின்ல நம்ம ஆளுங்க விசாரிச்சுப்பாங்க.”

உங்கள் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது, அண்ணி. மறைக்கமாட்டேன். வந்து நின்றது. அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. டெம்பிள் என்று சொல்லிவிட்டேன். பியானோக்காரர் என்றும் சொன்னேன். நீங்களே வெளியே அனுப்பிய ஆள்தானே? விசாரிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அவர்தான் என்று எழுதிவிடுங்கள். அதுபோதும் எனக்கு.

ஜோஹானா


டப்ளின், ஆற்றங்கரைச் சாலை
3 நவம்பர் 1922

அன்புள்ள ஜோஹானா,

இதைத் தபாலில் போடவில்லை. நாளை கப்பலில் கார்க் மடத்துக்குப் போகும் இரண்டு கன்னியரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் பையை எந்தப் பக்கத்தாரும் திறப்பதில்லை. நலம் விசாரிப்பதை இன்று விட்டுவிடுகிறேன், மன்னித்துக்கொள்.

டெம்பிள் இல்லை.

நான் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது உண்மை. நான் கொடுத்தது பெயர். மருத்துவர் ஃபின்பாரின் சட்டையைக் கழற்றியபோது, பின்நுனியில் சிவப்பு நூலில், எழுத்துக்கு ஏழு இழையாக, என் கையால் தைத்த ‘ஃபின்பார் ஹெகார்ட்டி’ இருந்தது. அந்த ஜான் வெல்ஷ் யார் என்று அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி சொன்னது சரி. அவன் வீட்டு ஆள்தான் சொன்னது. சாட்சிக்கு அந்தச் சதுரத்தை வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

சட்டையில் சதுரம் போனதைக் கண்டதுமே ஃபின்பாருக்கு இது தெரிந்திருக்கும். டைக்கிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லவில்லை. பெயர் தைக்க வேண்டாம், கண்ணுக்குச் சிரமம் என்று எனக்கு எழுதினான். மூன்று வாரமாக அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்ற கடிதத்தில் சட்டையைப் பற்றி எழுதினேன், நூலைப் பற்றி எழுதவில்லை. நீயே கண்டுபிடித்துத் திட்டுவாய், நானாகச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அது கோழைத்தனம். அந்த மூன்று வாரத்தில்தான் உன் வீட்டுக்கு அந்தப் பையன்கள் வந்திருக்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்த அன்றே டெம்பிள் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போனேன். வடக்கே, இறைச்சிக் கடைக்கு மேல் ஓர் அறை. கதவைப் பாதிதான் திறந்தார்.

“பியானோ சுருதி எறங்கிடுச்சா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“இல்ல. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

அவர் கதவை முழுவதும் திறந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க. பழக்கமில்லாத வேலை, நிதானமாச் செய்யுங்க.”

செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “நேத்து ரெண்டு பேர் வந்தாங்களாம், அம்மா. கடைக்காரர்ட்ட என்னைக் கேட்டாங்களாம். பியானோ சரி பண்ணணும்னு சொன்னாங்களாம். கடைக்காரர் சொல்றாரு, பியானோ வச்சிருக்கற மூஞ்சி இல்லயாம் அது” என்றார். அப்போதும் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து கதவைத் தாழிட்டார். அவர் சிரிப்பை நான் நான்கு வருடம் தப்பாகப் படித்திருக்கிறேன்.

அவர் இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். எத்தனை நாள் என்று தெரியவில்லை. கெரிகன் கிழவிக்குப் பேச ஒன்று கிடைத்துவிட்டது. பேசட்டும். தேடி வருகிறவர்கள் வந்தால் கதவைத் திறக்கப் போவது நான். உன் அண்ணன் வைத்த எந்தக் கதவும் ஒரு பெயரோடு வருகிறவர்களைத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் உன் வாயிலிருந்து போனது. உன் வாயால்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே, இந்தக் கடிதத்தை அந்தப் பையன்களிடம் காட்டு. உரக்கப் படி. முழுப் பெயரும் முகவரியும் கீழே இருக்கின்றன. குற்றம் யாருடையது என்று அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் அது இதுதான், எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. நான் எங்கும் போகவில்லை.

ஃபின்பாருக்காக நான் செய்யக்கூடியது ஒன்றும் மீதி இல்லை. அந்தச் சதுரத்தை அவர்களிடமிருந்து வாங்க முடியாது. அவன் இங்கே விட்டுவைத்த மற்றச் சட்டைகளில் இருந்த பெயர்களை ஊசியால் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கெட்டியாகத் தைத்திருக்கிறேன் என்பது பிரிக்கும்போதுதான் தெரிகிறது.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் கேட்கவில்லை. அதற்கு நாள் இருந்தால் இருக்கட்டும். இப்போது கேட்பது ஒன்றுதான். டெம்பிளின் பெயர் திரும்பப் பெறப்பட்டது என்று உன் கையால், தேதியிட்டு, கையெழுத்திட்டு எழுதி, திரும்பி வரும் அதே கன்னியரிடம் கொடுத்தனுப்பு. ஆள் மூலம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பாதே. எழுத்தில் பதில் வேண்டும்.

ஹொனோரா மேரி கோகன்
மூன்றாம் வீடு, ஆற்றங்கரைச் சாலை, டப்ளின்